சுவர் நீக்கிய பனிவீடு

கட்டிடக் கலையின் வரலாறு என்று நாம் படிப்பவை பெரும்பாலும் கோயில்களினதும் அரண்மனைகளினதும் கோட்டைகளினதும் வரலாறேயாகும். தன் கையால் மண் குழைத்தும் ஓலை வேய்ந்தும் தனக்கொரு நிழல் அமைத்துக்கொண்ட மனிதனுக்கு அந்நூல்களில் நெடுங்காலம் இடமிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டிலே நியூயோர்க் நவீன கலைக் காட்சியகத்தில் பேர்னாட் ருடோவ்ஸ்கி என்பார் 'கட்டிடக் கலைஞரில்லாக் கட்டிடக் கலை' என்ற பெயரில் ஒரு நிழற்படக் கண்காட்சியை நடத்தினார். பல நாடுகளின் பொதுமக்கள் தாமே கட்டிய குடியிருப்புகளைப் பெரிய படங்களாகச் சுவரில் மாட்டியபோது, படித்த உலகம் அவற்றைக் கலையென ஒப்புக்கொள்ளத் தலைப்பட்டது. அது நல்ல காரியமே. ஆயினும், மண்வீடு கலையாவதற்கு முதலில் நிழற்படமாக வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. வீட்டைக் கட்டியவன் ஒருவன்; படம் பிடித்தவன் வேறொருவன்; அதனைக் கண்டு வியந்தவன் மூன்றாமவன். இம்மூவருக்கும் இடையிலுள்ள உறவே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வுறவு எங்கும் கொடியது என்று நாம் சொல்ல வரவில்லை. கனடாவில், குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளின் மேல், மீன்பிடிப் பொழுதுபோக்குக்காகச் சிறு பலகைக் குடில்களை இழுத்துவந்து நிறுத்துவார்கள். பழைய கதவு, மிஞ்சிய தகரம், ஒட்டுப்பலகை எனக் கைக்கு அகப்பட்டதைக்கொண்டு அமைத்தவை அவை. ரொறன்ரோ நகரைச் சேர்ந்த றிச்சட் ஜோன்சன் என்ற நிழற்படக் கலைஞர் 2007 முதல் ஆண்டுதோறும் அவற்றைத் தேடிச்சென்று, ஒவ்வொன்றையும் நேர் முகமாக நிறுத்தி, மப்பு வானத்தின் கீழே ஒரே அளவிற் படமாக்கினார். அப்படங்களிலும் மனிதர் இல்லை. ஆனால் அந்தக் குடிலுக்குரியவன் ஞாயிறு மாலை தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான்; குடில் அவனுடைய விளையாட்டு. படத்தில் அவன் இல்லாமையால் அவனுக்கு நட்டம் எதுவுமில்லை.

அதே கனடாவின் வடகோடியில், பனியையே வெட்டியெடுத்து வீடு கட்டிக் குடியிருந்த மக்களின் கதை வேறு. நம்மவர் பெருந்தொகையினர் புலம்பெயர்ந்து வாழும் நாடு என்ற வகையிலே கனடா நமக்கு இன்று அயல்வீடு போன்றது. அவ்வீட்டின் பழைய குடிகளைப்பற்றி நாம் அறிந்திருப்பதோ மிகக் கொஞ்சம்.

அறிந்திருப்பது எது? ஒரு படம். வெண்பனிப் பரப்பு, அதன் நடுவே கவிழ்த்த கிண்ணம் போன்றதொரு வீடு, வாயிலில் உரோமத்தோல் உடுத்திய சிரித்த முகம். எம் வகுப்பறைகளில் 'எஸ்கிமோவர்' என்றவுடனே மாணவர்கள் இதனைத்தான் வரைகிறார்கள். பனியை ஒருபோதும் கண்டிராத பிள்ளையின் கைகூட அந்த அரைவட்டத்தைத் தயங்காமல் இழுக்கிறது. அவ்வட்டத்தினுள்ளே செங்கல் வரிசை போலக் கோடுகளையும் போட்டுவிடுகிறது. அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் இனுயிற் என்பதும், 'இக்லூ' என்பது அவர்கள் மொழியில் எந்த வீட்டையும் குறிக்கும் பொதுச்சொல் என்பதும், பனியாற் கட்டியதற்கு 'இக்லுவியாக்' என்று தனிப்பெயர் உண்டென்பதும் பாடத்தில் வருவதில்லை. கோடையில் அவர்கள் தோற் கூடாரங்களில் வசித்தனர். கிறீன்லாந்திலும் அலாஸ்காவிலும் வாழ்ந்தோர் புற்றரைக்கட்டியும் கல்லும் மரமுங்கொண்டே குளிர்கால வீடுகளைக் கட்டினர். பனிவீட்டையே குளிர்கால இல்லமாகக் கொண்டவர்கள் சிறப்பாகக் கனடிய வடபுலத்தின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் வாழ்ந்தோரே. ஒரு பகுதியினரின், ஒரு பருவத்து வீடு, ஓர் இனம் முழுவதற்கும் எக்காலத்துக்கும் உரிய சின்னமாகிவிட்டது.

அவ்வீட்டின் அமைப்பை ஊன்றி நோக்குவோர் அதனைக் குழந்தைச் சித்திரமாக எண்ணமாட்டார்கள். எல்லாப் பனியும் வீட்டுக்கு உதவாது. ஒரே புயலிலே காற்று அடித்துக் குவித்து இறுக்கிய பனியாக இருத்தல் வேண்டும். பல புயல்களில் அடுக்கடுக்காகப் படிந்த பனி வெட்டும்போது பிளந்துபோகும். மெல்லிய கோலொன்றைக் குத்திப் பார்த்து, அது ஒரே சீராக இறங்கினால் அவ்விடம் தேறும். பின்னர் கட்டுபவன் நடுவிலே நின்று, தன் காலடியிலிருந்தே பாளங்களை வெட்டிச் சுற்றிலும் அடுக்குகிறான். வீட்டின் தரை தாழத் தாழச் சுவர் உயர்கிறது. முதல் வரிசை முடிந்ததும் அதன் ஒரு பகுதியைச் சாய்வாகச் சீவிவிட, அதன்பின் பாளங்கள் சுருள் சுருளாக மேலேறுகின்றன. ஒவ்வொரு பாளமும் கீழுள்ளதிலும் பக்கத்திலுள்ளதிலும் சாய்ந்து நிற்பதனால் சாரமோ முட்டுக்காலோ வேண்டுவதில்லை. உச்சியின் கடைசிப் பாளத்தை உள்ளிருந்தே வெளியே தள்ளித் திருப்பி, இடைவெளியிற் பொருந்தச் செதுக்கி இறக்குகிறான். வெளியே பெண்களும் பிள்ளைகளும் மென்பனியால் இடுக்குகளை அடைக்கின்றனர்.

நுழைவழி தாழ்ந்தும் படுக்கும் மேடை உயர்ந்தும் இருக்கும். குளிர்ந்த காற்று பாரமுடையது. அது கீழே தங்கிவிட, மனிதர் மேலே வெப்பத்தில் உறங்குகின்றனர். மாக்கல்லிற் குடைந்த விளக்கில் சீல் என்னும் கடல்விலங்கின் கொழுப்பு எரிகிறது. அவ்விளக்கின் சுடரைச் சீராகக் காப்பது பெண்ணின் தொழில். வெளிச்சமும் அடுப்பும் உடை உலர்த்தும் கணப்பும் அதுவே. வெளியே உறைநிலைக்குக் கீழே நாற்பது பாகை குளிர் அடிக்கும்போதும், உள்ளே உறைநிலையை அண்டிய வெப்பமேனும் நிலைக்கிறது. நூலறிவு எதுவுமின்றி, பௌதிகத்தையும் கேத்திரகணிதத்தையும் கையிலே வைத்திருந்த உழைப்பாளியின் ஆக்கம் இது. ஒரு மணித்தியாலத்திலோ இரண்டிலோ முடியும் வேலை என்பதனால் அதன் அருமை குறைந்துவிடாது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகள் நிற்கின்றன!

இவ்வீட்டை உலகுக்குக் காட்டியவர் ரொபேட் பிளாகேட்டி என்ற அமெரிக்கர். 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் ஹட்சன் குடாவின் கீழ்க்கரையிலுள்ள இனுக்ஜுவாக் என்னுமிடத்தில் அவர் எடுத்த 'வடபுலத்து நானூக்' என்ற ஊமைப்படம் 1922இல் வெளிவந்தது. விவரணப்பட வரலாறு எழுதுவோர் அனைவரும் அதனை முன்வரிசையில் வைப்பர். நானூக் என்ற வேட்டுவன் பனிக்கத்தியாற் பாளம் வெட்டி வீடு கட்டுவதும், நன்னீர்ப் பனிக்கட்டியொன்றை அறுத்துச் சாளரமாகப் பொருத்துவதும், அதன் பக்கத்தே ஒரு வெண்பாளத்தை நிறுத்தி வெளிச்சத்தை உள்ளே திருப்பிவிடுவதும் அதில் வரும். இன்று பார்ப்பினும் நெஞ்சை நிறைக்கும் காட்சி அது. அதற்கடுத்த காட்சியில் குடும்பம் உள்ளே படுத்துறங்குகிறது, காலையில் எழுகிறது.

அந்த உள்வீட்டுக் காட்சி எவ்வாறு எடுக்கப்பட்டதென்பதைப் பிளாகேட்டியே எழுதியுள்ளார். வழக்கமான பனிவீடு பன்னிரண்டடி விட்டமே உடையது. கமராவுக்கு அது போதவில்லை. ஆகவே இருபத்தைந்தடி விட்டத்தில் ஒன்றைக் கட்டுமாறு அவர் சொன்னார். அவர்கள் அதுவரை கட்டியறியாத அளவு அது. சாளரங்களை வெட்டிப் பொருத்தத் தொடங்கியதும் அது மீண்டும் மீண்டும் இடிந்து விழுந்தது. இறுதியில் ஒருவாறு நின்றபோது உள்ளே வெளிச்சம் போதவில்லை. அதன்பின் வீட்டின் பாதியையே வெட்டி நீக்கிவிட்டார்கள். கமரா நின்ற பக்கம் திறந்த வெளி. வெளிக்குளிர் முழுவதும் உள்ளே பாய, அம்மக்கள் உடை களைந்து படுத்து உறங்குவதாகவும் விழிப்பதாகவும் நடித்தார்கள்.

இச்செய்தியைக் கேட்டுப் பிளாகேட்டியைப் பொய்யர் என்று தள்ளிவிடுவது இலகு. அது நியாயமுமன்று. அக்காலத்துப் படச்சுருளின் திறனுக்கு வேறு வழி இருந்திருக்காது. மேலும், அப்படத்தில் உழைத்த இனுயிற் மக்கள் வெறும் பொம்மைகளல்லர். கமராவைக் கழற்றிப் பூட்டவும், படச்சுருளைக் கழுவ நீர் கொணரவும், கழுவியதை உலர்த்தவும் அவர்களே துணை நின்றனர். எடுத்த காட்சிகளை அவர்களுக்கே திரையிட்டுக் காட்டி அடுத்த காட்சியைத் திட்டமிட்டதும் உண்டு. இன்றும் பலர் படமெடுக்கப்பட்டவனுக்கு அவன் படத்தைக் காட்டுவதில்லை என்பதை எண்ணினால், அது சிறு காரியமன்று. நடிப்பு என்பதே குற்றமானால் கூத்தும் நாடகமும் குற்றமாகிவிடும்.

நம் கேள்வி வேறு. சுவரை நீக்கியவர் எதனை உள்ளே வைத்தார், எதனை வெளியே விட்டார்? அப்படத்துக்குப் பணம் தந்தது ரெவியோன் பிரேர் என்ற உரோமத்தோல் வணிக நிறுவனம். இனுக்ஜுவாக்கில் அதன் பண்டகசாலை இருந்தது. அவ்வூர் மக்கள் அப்போதே துப்பாக்கி கொண்டு வேட்டையாடினர். வெண்ணரித் தோலைக் கொடுத்து மாவும் தேயிலையும் வெடியும் வாங்கினர். பாரிசிலும் இலண்டனிலும் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டிக்கு விலை ஏறினால் இவர்கள் உண்டனர். விலை விழுந்தால் பட்டினி கிடந்தனர். படமோ ஈட்டியும் எறியுளியும் ஏந்திய, எவரையும் சாராத ஆதிமனிதனைக் காட்டிற்று. பண்டகசாலை அதில் இல்லாமலில்லை. ஆனால் அங்கே நானூக் இசைத்தட்டைக் கடித்துப் பார்த்துச் சிரிப்பூட்டும் பாமரனாக வருகிறான். அவனுடைய உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். படம் வெளிவந்து ஈராண்டுக்குள் அவர் இறந்தார். வேட்டைக்குச் சென்று பட்டினியால் மாண்டார் என்று பிளாகேட்டி சொன்னார். காசநோயே காரணமாதல் கூடும் என்று பின்னையோர் கருதினர். படக்கதைக்குப் பட்டினிதான் பொருத்தமான முடிவு. காசநோய் வெள்ளையரோடு கப்பலில் வந்திறங்கியது.

பனிவெளியிற் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு தொழில் நுணுக்கம் தெரியும். கமராவின் ஒளிமானி எதனைக் கண்டாலும் அதனைச் சாம்பல் நிறமென்றே கணக்கிடும். வெண்பனியை அது அளந்து சொன்னபடி எடுத்தால் பனி மங்கும். பனிமுன் நிற்கும் மனிதரின் முகம் கரிக்கட்டையாகும். ஆதலால் அனுபவமுள்ளவர் ஒன்றரைப் படியோ இரண்டு படியோ கூடுதலாக ஒளியை உள்ளே விடுவர். முகம் வேண்டுமென்று தீர்மானிப்பது கமராவன்று, அதனைப் பிடித்திருப்பவரே.

முகத்தைத் தேடிச்சென்றவர்களும் இருந்தனர் என்பதைச் சொல்லாது விடுவது முறையன்று. 1949இல் கனடியத் தேசியத் திரைப்படச் சபை பனிவீடு கட்டும் விதத்தைக் காட்டும் ஒரு குறும்படத்தை வெளியிட்டது. உலகின் பல பாடசாலைகளில் ஓடிய படம் அது, குதூகலமான படம். அதற்கு மறு ஆண்டிலே, 1950இல், றிச்சட் ஹரிங்ரன் என்ற நிழற்படக்காரர் ஹட்சன் குடாவின் மேற்கேயுள்ள பட்லெயிப் பகுதியில் நாய்வண்டியிற் பயணஞ்செய்தார். அவ்வாண்டு கரிபு என்னும் துருவமான் கூட்டம் வழக்கமான தடத்தில் வரவில்லை. வெண்ணரித் தோலின் விலையும் விழுந்துகிடந்தது. ஹரிங்ரன் புகுந்த பனிவீடுகளில் விளக்கு எரியவில்லை, ஏனெனில் கொழுப்பு இல்லை. உள்ளே மக்கள் பசியால் இறந்துகொண்டிருந்தனர். அவர் எடுத்த படங்களுள் ஒரு தாய் தன் குழந்தையின் முகத்தோடு முகம் வைத்து முத்தமிடும் படம் பெரும்புகழ் பெற்றது. தாய்மைக்கு இலக்கணம் என்று பலர் அதனைப் போற்றினர். அத்தாய் பட்டினி கிடந்தாள் என்பதைப் போற்றியோரில் எத்தனைபேர் அறிந்திருந்தனரோ!

இத்தகைய மறதி நமக்குப் புதியதன்று. தேயிலைப் பெட்டியின் மேல் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணை உலகம் அறியும். அவள் மாலையிற் திரும்பிச் சென்று படுக்கும் லயன் அறை எந்தப் பெட்டியிலும் அச்சானதில்லை.

அழகிய படம் மறைத்தவற்றின் கணக்கு 1953இல் தீர்க்கப்பட்டது. அவ்வாண்டு கோடையில், பிளாகேட்டி படமெடுத்த அதே இனுக்ஜுவாக் மக்களுட் சில குடும்பங்களைக் கனடிய அரசாங்கம் கப்பலேற்றி, ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் வடக்கே, எல்ஸ்மியர் தீவுக்கும் கோர்ன்வாலிஸ் தீவிலுள்ள றெசொலூற் குடாவுக்கும் அனுப்பிற்று. 1955இல் மேலுஞ் சிலர் சென்றனர். எல்லாமாக 90 பேரளவில். உதவிப் பணத்தில் தங்கியிருப்போரைப் பழைய வேட்டை வாழ்வுக்குத் திருப்புவதே நோக்கமென்று அதிகாரிகள் கூறினர். ஆளில்லாத வட தீவுகளில் கனடாவின் ஆட்சியுரிமையை நிலைநாட்ட ஆட்களை நட்டுவைத்தார்கள் என்பது இடம்பெயர்க்கப்பட்டோரின் கூற்று. விரும்பாவிடின் இரண்டாண்டில் திரும்பலாம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை.

எஸ்கிமோவனை எங்கே இறக்கினாலும் பனியை வெட்டி வீடு கட்டிக்கொள்வான் என்று எண்ணியவர்களின் மனத்தில் எந்தப் படம் தொங்கியதென்று நாம் ஊகிக்கலாம். ஆனால் இனுக்ஜுவாக்கின் நிலமும் வடதீவுகளின் நிலமும் ஒன்றல்ல. புதிய இடத்திலே குளிர்காலத்தில் மாதக்கணக்கிற் சூரியன் எழுவதில்லை. வேட்டைத் தடங்கள் தெரியாது, விலங்குகளும் வேறு. பனியும் சொற்பம்; வீட்டுக்குரிய இறுகிய பனி வேண்டியபோது கிடைக்கவில்லை. முதற் குளிர்காலத்தைத் துணிக் கூடாரங்களிலே கழிக்க நேர்ந்ததைப் பின்னர் பலர் சாட்சியத்திற் கூறினர். நாம் மேலே விவரித்த கலையறிவு முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. அதற்கேற்ற பனிதான் இருக்கவில்லை.

றெசொலூற்றுக்கு அனுப்பப்பட்டவர்கள் அங்கிருந்த விமானத்தளத்தின் குப்பைமேட்டிலிருந்து பொதிப்பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி வந்து வீடு அமைத்தனர். எமது நோக்கில், பனிவீட்டைக் கட்டிய அதே அறிவு தான் அப்பலகை வீடுகளையும் கட்டியது: கையிற் கிடைத்ததைக் கொண்டு காற்றைத் தடுப்பது, வெப்பத்தைக் காப்பது. கையாற் கட்டிய சிறுவீடுகளின் வரலாற்றில் அவற்றுக்கும் உரிய இடம் உண்டு. ஆனால் அவை தபாலட்டையாகவில்லை; எந்தப் பிள்ளையும் அவற்றை வரைவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 'வடபுலத்து நானூக்' எடுக்கப்பட்ட காலத்தில், அதில் நடித்த ஓர் இனுயிற் பெண்ணிடம் பிளாகேட்டிக்கு ஒரு மகன் பிறந்தான். தந்தை மீண்டும் அங்கே வரவுமில்லை, மகனை ஏற்கவுமில்லை. அம்மகன் 1955இல் தன் குடும்பத்தோடு எல்ஸ்மியர் தீவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். அவருடைய மகள் மார்த்தா பிளாகேட்டி பிற்காலத்தில் கனடிய இனுயிற் பெண்கள் அமைப்பின் தலைவியாக விளங்கினார். குழந்தையாகத் தாம் பட்டவற்றை உலகறியச் சொன்னார். பூர்வகுடிகள் பற்றிய அரச ஆணைக்குழு 1994இல் இவ்விடப்பெயர்வைக் கண்டித்து அறிக்கையிட்டது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010 ஆகஸ்ட் 18ஆம் நாள். ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன.

கமரா அம்மக்களின் கைக்கே வந்தபோது என்ன நேர்ந்தது? பவின் தீவின் கேப் டோசெற் பகுதியிலே வாழ்ந்த பீற்றர் பிற்சியோலாக் (1902–1973) என்பாரைப் பற்றி நமது ஆசிரிய நண்பர்கள் அறிந்திருத்தல் நன்று. அவர் ஒரு வேட்டுவர், ஒரு முகாமின் தலைவர். 1940களில் ஒரு பாதிரியாரிடமிருந்து கமரா ஒன்றைப் பெற்றார். படச்சுருளைக் கழுவ இருட்டறை வேண்டுமல்லவா? வேட்டைக்காலத்துப் பனிவீட்டையே அவரும் அவர் மனைவி அக்கியோக்கும் இருட்டறையாக்கினர். மின்சூழ் விளக்கைச் செந்துணியால் மூடிக்கொண்டு அதன் வெளிச்சத்தில் படம் கழுவினர். பழைய குளிர்க்கண்ணாடியொன்றை ஒளிவடிகட்டியாகப் பொருத்தினார். பிளாகேட்டிக்கு இடைஞ்சலாயிருந்த அதே இருட்டு பிற்சியோலாக்குக்கு உபகரணமாயிற்று. ஒரு சுவரையும் அவர் நீக்க வேண்டியிருக்கவில்லை.

முகாம் வாழ்க்கை தம் கண்முன்னே மறைவதை அவர் அறிந்திருந்தார். அதனால் தம் உறவினரையும் அயலாரையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் பதிந்தார். அத்தோடு தம் மொழியிலே, தம் எழுத்திலே நாட்குறிப்பும் வரலாறும் எழுதிவைத்தார். பழைய உடைகளை உடுக்கச்செய்து எடுத்த படங்களும் அவற்றுள் உண்டு. அவ்வகையில் அவரும் பிளாகேட்டியைப் போல நாடகம் அமைத்தவரே. ஆனால் அவர் எடுத்த படத்தில் நிற்பவரின் பெயர் அவருக்குத் தெரியும். யாருடைய மகன், யாருடைய மருமகள் என்பதும் தெரியும். அவருடைய நினைவுகளை டொரதி ஈபர் என்ற எழுத்தாளர் தொகுத்துதவ, அவை 1975இல், அவர் மறைவின் பின், நூலாக வெளிவந்தன.

பெயர் தெரிவதென்பது அங்கே சிறிய விடயமன்று. 1940கள் தொடக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இனுயிற் மக்களுக்குக் கனடிய அரசாங்கம் வட்டத் தகடுகளை வழங்கி, அதிற் பொறித்த இலக்கத்தால் அவர்களைப் பதிவுசெய்து வந்தது. அக்காலத்துக்கும் முன்னைய காலத்துக்கும் உரிய ஆயிரக்கணக்கான படங்கள் ஒட்டாவாவில் உள்ள தேசியச் சுவடிக்கூடத்திற் கிடந்தன. பனிவீட்டின் முன் நிற்கும் பெண், கூடாரவாயிலில் ஒரு குடும்பம், விளக்கருகே ஒரு கிழவி. அவற்றின் கீழே 'எஸ்கிமோப் பெண்' என்று மாத்திரம் எழுதியிருந்தது, அல்லது அதுவும் இல்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒட்டாவாவிற் படித்துக்கொண்டிருந்த இனுயிற் மாணவர்கள் அப்படங்களின் பிரதிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டு தம் ஊர்களுக்குச் சென்று முதியோரிடம் காட்டத் தொடங்கினர். சுவடிக்கூடமும் அவர்களோடு சேர்ந்து நடத்திய அம்முயற்சி 'பெயரிடும் திட்டம்' எனப்படுகிறது. முதியோர் திரையருகே குனிந்து பார்த்து, இது இன்னார், இவர் எம் பாட்டி, இக்குழந்தை நான்தான் என்று சொல்லச்சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவ்வாறு பெற்ற பெயர்கள் ஆயிரக்கணக்கில் இன்று அப்படங்களின் கீழே இனுயிற் எழுத்திலும் பதிக்கப்பட்டுள்ளன. பெயர் சொல்லக்கூடியவர்கள் வயது முதிர்ந்து ஒவ்வொருவராக மறைந்து வருவதனால், அவ்வேலை அவசரமாக நடைபெறுகிறது.